சேந்தனைச் சுமந்த குட்டைக் குதிரை

"இதன் மேல் நான் ஏற மாட்டேன், அம்மா. இதுவும் செத்துப்போகும்" என்றான் சேந்தன்.

எயினி அந்தக் குட்டைக் குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தார்.

சேந்தன் மலை மாதிரி ஆள். எந்த வாசலிலும் உடம்பைத் திருப்பித்தான் நுழைவான். போன கோடையில் உப்பு வெளியைக் கடக்கும்போது, அவனைச் சுமந்த பெரிய குதிரை பாதி வழியில் சுருண்டு விழுந்தது. அதன் மூச்சு நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகுதான் குதிரைகளை அறிந்தவர் என்று எயினியைத் தேடி வந்தான். அவரிடமே தங்கிவிட்டான். எல்லா வேலையும் செய்வான். ஏறச் சொன்னால் மட்டும் மாட்டான்.

இன்று ஏறித்தான் ஆக வேண்டும். உப்பு வெளிக்கு அப்பால் இருக்கும் ஊரில் விஷக் காய்ச்சல். மருந்து இங்கே இருந்தது. வழி முழுதும் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"அந்த உயரமான வெள்ளைக் குதிரையையாவது கொடுங்கள். அது தாங்கும்."

"அதன் முன்னங்காலைப் பிடி."

முழங்காலுக்குக் கீழே வளைத்துப் பிடித்தான். விரல்கள் ஒன்றையொன்று தொட்டன.

"இப்போது இதன் காலை."

பிடித்தான். விரல்கள் சேரவில்லை.

எயினி அவன் கையை எடுத்துக் குட்டைக் குதிரையின் முதுகில் வைத்தார். முதுகு நீளமில்லை. சேணத்துக்குப் பின்னால் இடுப்பு பலகை போல அகன்று கிடந்தது.

"என் கால் தரையில் இழுபடுமே, அம்மா!"

"மடக்கிக்கொள்."

வெள்ளைக் குதிரையில் எயினி ஏறிக்கொண்டார். ஒல்லியான உடம்பு அவருக்கு. மருந்துப் பையோடு சேந்தன் குட்டைக் குதிரையில் ஏற, இருவரும் புறப்பட்டார்கள்.

ஆனால் அவன் சேணத்தில் உட்காரவே இல்லை. கனம் தெரியக் கூடாதென்று பாதி எழுந்தபடியே வந்தான்.

"உட்கார்" என்றார் எயினி.

"பாவம், அம்மா."

"நீ ஆடினால்தான் அதற்குக் கஷ்டம். உட்கார்."

உச்சி வெயிலில், வெளியின் நடுவிலிருந்த கிணற்றுக்கு வந்தார்கள். குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டி, அங்கிருந்த கூரை நிழலில் நிறுத்தினார்கள். நேரம் போயிற்று. வெள்ளைக் குதிரைக்கு வியர்வை அடங்கவில்லை. விலா ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

"இதற்கு இதுதான் எல்லை" என்றார் எயினி. "நான் இங்கே இதோடு இருக்கிறேன். நீ போ."

"போன தடவையும் இந்த இடம் தாண்டித்தான் அம்மா..."

எயினி குட்டைக் குதிரையின் முன்காலுக்குப் பின்னே விலாவைத் தொட்டுக் காட்டினார். "காதை வை."

அவன் மண்டியிட்டுக் காதை வைத்தான். தடதடவென்று கேட்டது. பதறிப்போனான்.

"ஐயோ, அடித்துக்கொள்கிறதே!"

"அது உன் நெஞ்சு. அடங்கட்டும். அப்புறம் கேள்."

கண்ணை மூடிக்கொண்டான். மெல்ல மெல்ல அவன் சத்தம் அடங்கியது.

அதற்கு அடியில் இன்னொன்று கேட்டது. ஒரு துடிப்பு. நின்றேவிட்டதோ என்று நினைக்கும்போது இன்னொன்று. அவசரமே இல்லாமல், ஆழத்தில், பூமிக்குள்ளிருந்து வருவது போல. காலையிலிருந்து அவனைச் சுமந்து வந்த நெஞ்சு அது.

அந்த வெயிலிலும் அவனுக்கு மெய்சிலிர்த்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை.

"அம்மா, நான் இதற்குக் கனமாகவே தெரியவில்லையா?"

"கனம் தெரியும். ஏறு."