உப்புத்தாள்

பொன்னுரங்கம் தம் அறுபத்தொன்றாம் வயதில் சீடரானார். முப்பத்து மூன்று வருடம் வாத்தியார் வேலை பார்த்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்று, மலையடிவாரத்து அந்த ஊரில் பாதிப் பேருடைய காதைத் திருகியிருந்தவர் அவர். குருவாக வாய்த்தவள் தபால்காரி ஜெசிந்தா. வயது முப்பத்தெட்டு. அவளும் ஒரு காலத்தில் அவரிடம் காதைக் கொடுத்தவள்தான்.

பதினொரு வருடமாக மண் ரோட்டில் தபால் சுமக்கிற அவளுடைய மோட்டார் சைக்கிள், நேற்று வாங்கியது மாதிரி இருக்கும். கேட்டுக்கு முன்னால் நிறுத்தினால் டேங்கில் அவர் வீட்டு முருங்கை மரம் பூவோடு தெரியும். அதைப் பார்த்துத்தான் புதன்கிழமை, அவள் கொடுத்த கார்டைக் கையில் வைத்துக்கொண்டே அவர் கேட்டார்.

"டீச்சரம்மா, எனக்கு வண்டி கழுவக் கத்துக்குடுக்கணும்."

யாரைக் கூப்பிடுகிறார் என்று ஜெசிந்தா பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

கழுவ வேண்டிய வண்டி மகள் இளவேனிலுடையது. போர்டிகோ மூலையில் தார்ப்பாய்க்குக் கீழே நாலு வருடமாக நிற்கிறது. தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாக அவள் சொன்ன அன்று, மகளை அடிக்க அவருக்குக் கை வரவில்லை. அவளுடைய வண்டியைப் பிடித்துத் தள்ளிவிட்டார். அது படியில் மோதி விழுந்தது. டேங்கின் இடது பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். இளவேனில் வண்டியை நிமிர்த்தி நிறுத்திவிட்டு, கொல்லிமலைக்குப் பஸ் ஏறினாள். அங்கே புருஷனோடு மிளகுத் தோட்டம் பார்க்கிறாள். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது கார்டில் இரண்டே வரி. 'ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிடுவேன்.'

அந்த 'உடனே' அவரைத் தின்றது. கீறல் மட்டும் கண்ணில் படாவிட்டால், மகள் ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரமாவது உட்காருவாள் என்று நம்பினார். நம்புவதற்கு வேறு எதுவும் அவரிடம் இல்லை.

"கீறல் போயிருமா?" என்று கேட்டார்.

"நாளைக்கு வெள்ளென வர்றேன் சார். ரெண்டு வாளி எடுத்து வைங்க" என்றாள் ஜெசிந்தா.

வியாழன் காலை மார்கழிப் பனி தெருவை முழுசாக விழுங்கியிருந்தது. எதிர்வீடு இல்லை. மலை இல்லை. தார்ப்பாயை விலக்கியதும் வண்டியும் தூசியும் மட்டும்தான் உலகத்தில் இருந்தன.

அவர் துணியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார்.

"தொடாதீங்க சார். தண்ணி மட்டும் ஊத்துங்க. ஊறட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு வருஷத்து மண்ணு."

ஊற்றினார். மண் பழுப்பாக இறங்கி, போர்டிகோச் சரிவில் கேட்டை நோக்கி மெல்லப் போயிற்று. பிறகு அவள் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துக் கொடுத்தாள். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அவர் துணியை அதே வாளியில் முக்கப் போனார். அவள் வாளியை நகர்த்திவிட்டாள்.

"அந்த வாளியில நல்ல தண்ணி இருக்குது. அதுல அலசிட்டு இதுக்கு வாங்க."

"எதுக்கு ரெண்டு?"

"ஒரே வாளியில முக்குனா, எடுத்த மண்ணையே திரும்பத் தேய்ப்பீங்க. கீறல்தான் கூடும்."

அவர் அலசினார். நுரை வெள்ளையாகப் பொங்கி, பனியோடு கலந்து, எது நுரை எது பனி என்று தெரியாமல் போயிற்று. டேங்க் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அதன் வளைவில் ஒரு சின்ன முகம் தெரிந்த மாதிரி இருந்தது. எட்டு வயது இளவேனில், இரட்டைச் சடை, முன்பல் இல்லை. துடைத்தார். அவருடைய முகம்தான் இருந்தது. எட்டு மணி சங்கு ஊதியபோது திடுக்கிட்டு, தூங்கிவிட்டோமோ என்று தம் கையைப் பார்த்தார். கை தேய்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடி கேட்டார்.

"இன்னிக்காவது சொல்லுங்க டீச்சரம்மா. கீறல் போகுமா, போகாதா?"

"கண்ணை மூடிக்கிட்டு நகத்தை ஓட்டிப் பாருங்க."

டேங்கின் மேல் நகத்தை இழுத்தார். வழுவழுவென்று போய்க்கொண்டே இருந்த நகம், ஓரிடத்தில் டக்கென்று மாட்டியது. அவருக்கு நெஞ்சுக்குள்ளும் எங்கோ மாட்டியது.

"நகம் மாட்டுனா பாலிஷுக்குப் போகாதுங்க" என்றாள் அவள்.

அன்று அவர் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை ஜெசிந்தாவால் வர முடியவில்லை. தபாலாபீசில் கிறிஸ்துமஸ் பார்சல்கள் குவிந்து கிடந்தன. குரு இல்லாத இடத்தில் சீடருக்கு வேகம் பிறந்துவிட்டது. ஒரு கீறலை எடுக்க முடியாவிட்டால் என்ன, மற்றதெல்லாம் மினுங்குகிற மினுங்கலில் மகளின் கண் கீறலுக்கே போகக்கூடாது என்று முடிவு செய்தார். பாலிஷ் டப்பா முழுவதும் காலி. சைலன்சர் மினுங்கியது. சக்கரக் கம்பி ஒவ்வொன்றும் மினுங்கியது. முன் சக்கரத்தின் பிரேக் தட்டில் துரு பிடித்திருந்ததைச் சுரண்டி, பாலிஷ் போட்டு, கண்ணாடியாக்கிவிட்டார். பாட்டரியையும் டயரையும் பெட்ரோலையும் ஒர்க்ஷாப்காரர் முதல் நாளே பார்த்துவிட்டுப் போயிருந்தார். இனி மகள் ஏறி உட்கார வேண்டியதுதான் பாக்கி.

மாலை நாலு மணிக்கு ஜெசிந்தா வந்தாள். வண்டியைச் சுற்றி வந்தாள். முன் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்தாள். தட்டில் விரலை வைத்து, விரலை முகர்ந்து பார்த்தாள்.

"எப்படி?" என்றார் பொன்னுரங்கம். பாராட்டுக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார் மனிதர்.

"ஏறி உக்காருங்க சார். சரிவுல அப்படியே உருட்டுங்க. கேட்டுகிட்ட முன் பிரேக்கை மட்டும் பிடிங்க."

உட்கார்ந்தார். அவள் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். வண்டி சத்தமில்லாமல் நழுவியது. கேட் வந்தது. பிரேக்கைப் பிடித்தார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. இறுக்கிப் பிடித்தார். போய்க்கொண்டே இருந்தது. கேட்டுத் தூண் முகத்துக்கு நேராக வந்தபோது ஜெசிந்தா காலை ஊன்றி, பின்னால் இழுத்து நிறுத்தினாள்.

சக்கரத்துக்கும் தூணுக்கும் நடுவே ஒரு கை அகலம் இருந்தது.

அவர் இறங்கவில்லை. கொல்லிமலையின் எழுபது வளைவுகளும் அவருடைய கண்ணுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒவ்வொரு வளைவிலும் இளவேனில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். வாய்விட்டு அழுதுவிட்டார்.

"எம் புள்ளைய நானே கொன்னிருப்பனே, டீச்சரம்மா."

"தட்டுல பாலிஷ் ஏறுனா பிரேக் கட்டை வழுக்குங்க சார்" என்றாள் ஜெசிந்தா. ஒர்க்ஷாப்புக்குப் போய்ப் புதுப் பிரேக் கட்டைகளும் ஸ்பிரிட்டும் ஒரு முழு உப்புத்தாளும் வாங்கி வந்தாள். தட்டை ஸ்பிரிட்டால் துடைத்துக் காட்டினாள். பாதி உப்புத்தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தாள்.

"தேய்ங்க. மினுமினுப்பு போற வரைக்கும்."

மூணு நாளாக மினுமினுப்பை ஏற்றிய கை, இப்போது அதை இறக்கியது. சர், சர் என்ற சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. கண்ணாடியில் தெரிந்த ஆகாயம் மங்கி, மங்கி, கடைசியில் வெறும் இரும்பு மிஞ்சியது. அவள் புதுக் கட்டைகளை மாட்டினாள். திரும்பவும் சரிவில் உருட்டினார்கள். பிரேக்கைத் தொட்டதும் வண்டி நின்றது. இருட்டும்வரை ஏழெட்டுத் தடவை உருட்டிப் பார்த்தார். ஏழெட்டுத் தடவையும் நின்றது.

கையைக் கழுவிக்கொண்டே ஜெசிந்தா கேட்டாள்.

"நாளைக்குப் பாப்பா வந்தா என்ன சொல்லுவீங்க?"

அதற்குத்தான் காத்திருந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"'அன்பு மகளே, காலம் நம் இருவருக்கும் இடையே ஏற்படுத்திவிட்ட இடைவெளியில், சூழ்நிலையின் காரணமாக நேர்ந்துவிட்ட சில கசப்புகளை...'"

இரண்டு பக்கம் வாசித்தார். ஓர் எழுத்துப் பிழை கிடையாது. அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு மீதிப் பாதி உப்புத்தாளை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு, தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிறு காலையும் பனிதான். சாமான்களெல்லாம் பாதி கனவில் மிதந்த மாதிரி இருந்தன. கேட் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து இளவேனில் வந்தாள். கொஞ்சம் கறுத்திருந்தாள். கையில் ஹெல்மெட்.

"வாம்மா" என்று சொல்ல நினைத்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் வண்டியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். டேங்கின் மேல் கையை ஓட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

பொன்னுரங்கத்தின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. உள்ளே இருந்த உப்புத்தாள் சொரசொரவென்று விரலில் உரசியது.

"நான்தான் கண்ணு தள்ளிவிட்டேன்" என்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும்ப்பா." சாவியை வாங்கினாள். "பிரேக் பிடிக்குமா?"

"பிடிக்கும்."

"வர்றேன்."

வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. சரிவில் இறங்கி, தெருவில் திரும்பி, பனிக்குள் மறைந்தது. காப்பி டம்ளர் படியில் மூடி வைத்தபடி இருந்தது. அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு, சத்தம் தேய்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

மாதா கோயிலுக்குப் போகிற வழியில் ஜெசிந்தா, வெள்ளைச் சேலையில், வண்டியை ஓரங்கட்டி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் பனியைப் பார்த்தாள்.

தெருமுனை அரசமரத்தருகே சத்தம் சட்டென்று நின்றது.

பொன்னுரங்கத்துக்கு உயிரே போய்விட்டது.

"டீச்சரம்மா! வண்டி நின்னுபோச்சே! என்ன கோளாறோ தெரியலையே!"

ஜெசிந்தா பனிக்குள் காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். செருப்புச் சத்தம் ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்தது.

"பிரேக் நல்லாப் பிடிக்குதுங்க சார்" என்றாள்.