வலது மூலைப் பெயர்

ராஜாவின் தலையே போன பிறகு, பாரிஸ் நகரத்தில் யாருக்குத்தான் கழுத்து கூசவில்லை? செப்புத் தகட்டில் படம் செதுக்கும் பஸ்தியேனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கூசியது. ஐம்பது வயதுக்காரன், மூன்று நாளாகச் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தான்.

எல்லாம் ஒரு படத்தால் வந்த வினை.

அவனுடைய குரு மொர்வான், நாற்பது வருடம் அரண்மனைச் சீமாட்டிகளின் கன்னத்துக்கு ரோஜா நிறம் பூசியவர். பஞ்சுமேகமும் பட்டுப் பாவாடையுமாக அவர் வரைந்தால் பிரபுக்கள் வாசலில் காத்துக் கிடப்பார்கள். இப்போது ரோஜா நிறம் கேட்பார் இல்லை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தார். அதற்காக அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

அவருக்குப் பெரும்பேர் வாங்கித் தந்தது, குளக்கரையில் வாத்துகளுக்குக் கேக் பிய்த்துப் போடும் ஒரு சீமாட்டியின் படம். அதைப் பஸ்தியேன், குருவின் வீட்டுக் கீழ்த்தளப் பட்டறையில், தகட்டில் செதுக்கினான். எழுத்து எதுவும் செதுக்கும் முன்பே ஐம்பது பிரதி எடுத்தார்கள். அப்படிப்பட்ட பிரதிக்குத்தான் சேகரிப்பவர்களிடம் கிராக்கி. அதன் பிறகே தகட்டில் படத்துக்குக் கீழே, நடுவில் சீமாட்டியின் குலச்சின்னம், இடது மூலையில் 'வரைந்தவர் மொர்வான்', வலது மூலையில் 'செதுக்கியவர் பஸ்தியேன்' என்று ஏறின. ஏறிய கையோடு புரட்சி வந்துவிட்டது.

ஊரே ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறது. இங்கே வாத்துக்குக் கேக்! படத்தை வைத்திருந்த இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களிடம் இருந்த பிரதியில் பெயர் இல்லாததால், அதைச் செய்தவர்கள் யார் என்று இன்று இந்தப் பட்டறை இருக்கும் தெருவிலேயே வீடு வீடாகச் சோதனை. இரு முனையிலும் காவல்.

“குருவே, இந்தப் பயத்தை எப்படி அழிப்பது?” என்று கேட்டான் பஸ்தியேன்.

“இதுவரை எதை அழித்தாய்?”

“தகட்டில் இருந்த எழுத்தை.”

“ஒரு பிரதி எடு. பார்ப்போம்.”

“இப்போதா? பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள், குருவே!”

“மை இருக்கிறதல்லவா?”

பஸ்தியேன் தகட்டில் மை தடவினான். துடைத்தான். ஈரத்தாளை வைத்து அச்சு உருளையைச் சுற்றினான். மொர்வான் தாளை உரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

நடுவில் சின்னம் இல்லை. வலது மூலையில் பெயர் இல்லை. ஆனால் சுரண்டிய இடமெல்லாம் பள்ளமாகி மையைப் பிடித்துக்கொண்டு, சாம்பல் நிறக் கறையாக விழுந்திருந்தது. இடது மூலையில் மட்டும் 'வரைந்தவர் மொர்வான்' என்று பளிச்சென்று இருந்தது.

பஸ்தியேனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“உங்கள் பெயரையும் எடுக்கத்தான் நினைத்தேன். நேரம் கிடைக்கவில்லை.”

“முதலில் எதைச் சுரண்டினாய்?”

“என் பெயரை.”

“எப்போது?”

பஸ்தியேன் தலையைக் குனிந்துகொண்டான். “மூன்று நாள் ஆகிறது.”

மொர்வான் திட்டவில்லை. இடது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுவும் நீ செதுக்கியதுதான். நல்ல கை.”

பஸ்தியேன் சுரண்டும் கத்தியை எடுக்கப் பாய்ந்தான். அதற்குள் கதவு திறந்துவிட்டது. மூன்று பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவன் ஈரத்தாளைப் பிடுங்கிப் பார்த்தான்.

“அதே வாத்துப் படம்! யார் இந்த மொர்வான்?”

“நான்தான்.”

மற்ற இருவரும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். முன்னால் வந்தவன் வலது மூலைக் கறையில் விரலை வைத்தான்.

“இங்கே ஒரு பெயர் இருந்திருக்கிறது. யார் பெயர் என்று உனக்குத் தெரியுமா?”

பஸ்தியேன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். குரு சொல்லிவிடுவாரோ என்று பயந்தான். சொல்லாமலே போய்விடுவாரோ என்று அதைவிடப் பயந்தான்.

மொர்வான் அவன் பக்கம் திரும்பவில்லை.

“தெரியும்,” என்றார். “அது அந்த ஆள் வாயால் வரட்டும்.”