கல் என்றார் சாமி

காசியில் கங்கைக் கரையை ஒட்டி ஒரு சின்னத் தமிழ் மடம் இருந்தது. மடத்துச் சாமிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அப்பா தமிழர், அம்மா அந்த ஊர்க்காரி. பேச்சில் தமிழும் இந்தியும் கலந்து கலந்து வரும்.

அவருடைய சீடர் ஆவுடையப்பனுக்கோ ஐம்பத்திரண்டு. தென்காசியில் தமிழ் வாத்தியாராக இருந்துவிட்டு வந்தவர். ஒரு சொல் காதில் விழுந்தால் எட்டு அர்த்தம் சொல்லாமல் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

ஒரு திங்கட்கிழமை காலையில் தென்காசியில் இருக்கும் தங்கை கோமதியிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக அண்ணன் அவளிடம் பேசவில்லை.

"அண்ணே, என் கல்யாணத்துக்குத்தான் நீ வரல. வர்ற வெள்ளிக்கிழமை காலையில என் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமனா வந்து நில்லு. மாமா வருவாங்களான்னு அவ கேட்டுக்கிட்டே இருக்கா."

ஆவுடையப்பன் அதை இரண்டு தரம் வாசித்தார். கடிதத்தோடு சாமியிடம் ஓடினார்.

"போகணும்னு இருக்கா?" என்றார் சாமி.

"இருக்கு சாமி. பயமாவும் இருக்கு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவ வாசல்ல போய் நிப்பேன்? போகவா, வேண்டாமா? போனா எப்பப் போக?"

"கல்" என்றார் சாமி. அதோடு மாதாந்திர மௌனத்துக்கு உட்கார்ந்துவிட்டார். இனி புதன்கிழமை காலையில்தான் வாய் திறப்பார்.

காசியில் 'கல்' என்றால் நாளைக்கு என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆவுடையப்பனுக்குத் தெரியாதா? தெரியும். தெற்கே போகும் ரயில் செவ்வாய் மத்தியானம் ஒன்று, அதை விட்டால் வெள்ளிக்கிழமைதான் என்பதும் தெரியும். ஆனாலும் பாருங்கள், மனுஷனுக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை. சாமி தமிழில் சொல்லியிருந்தால்?

"தமிழ்ல கல்லுன்னா கல்லுதான். மனச கல்லாக்கிக்கோன்னு சொல்லுதாரோ?" என்று மடத்துச் சமையல்காரர் குத்தாலிங்கத்திடம் கேட்டார்.

"படின்னும் ஒரு அர்த்தம் இருக்குல்லா, வாத்தியாரே?"

"அட, ஆமா! இங்கேயே இருந்து படின்னும் சொல்லியிருக்கலாம்!"

படித்துறைக்கு வந்தார். சிதார் கற்க வந்திருந்த ஒரு துருக்கிக்காரப் பையன் படியில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் அரைகுறை இந்தியில் கேட்டார்.

"எங்க பாஷையில 'கல்'னா 'இரு, போகாதே'ன்னு அர்த்தம்."

ஆவுடையப்பனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதோடு விட்டாரா? பாரசீகம் தெரிந்த அத்தர்க் கடைப் பெரியவரிடம் போனார்.

"வழுக்கை" என்றார் அவர்.

"மொட்டை! அப்ப சந்நியாசம் வாங்கிக்கோன்னு சொல்லுதார்!" ஆவுடையப்பன் தலையைத் தடவிக்கொண்டார்.

கடையில் நின்ற பஞ்சாபிக்காரர் ஒருவர் குறுக்கே புகுந்தார். "எங்க ஊர்ல அது பேச்சு. ரெண்டு பேர் உட்கார்ந்து மனசு விட்டுப் பேசுறது."

ஆவுடையப்பன் முகம் சுருங்கியது. "உங்களுது வடமொழியில மூணாவது ககரம். அது இதுல சேராது" என்று நடையைக் கட்டினார்.

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் போயிற்று. வங்காளி, மராட்டிக்காரர், நேபாளி என்று ஒருவரையும் விடவில்லை. அவர் கேட்க, அவர்கள் சொல்ல, இவர் நோட்டில் எழுதிக்கொள்ள, பசிகூட எடுக்கவில்லை. குத்தாலிங்கம் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாத்தியாரே, டிக்கெட் எடுக்கப் போகாம அர்த்தம் எடுத்துக்கிட்டு அலையுதீரே, இது நல்லாயிருக்கா? மணி பன்னெண்டு ஆச்சு வே!"

"குரு வாக்கு குத்தாலிங்கம். சரியா தெரிஞ்சிக்கிடாம கிளம்பிர முடியுமா?"

புதன்கிழமை காலையில் சாமி மௌனம் கலைத்ததும் ஆவுடையப்பன் நோட்டோடு எதிரே போய் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினார். சாமி ஆசையாகக் கேட்டார். வழுக்கைக்கு வாய்விட்டுச் சிரித்தார். 'இரு, போகாதே' என்ற இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

"நேத்து ரயில் போயிட்டுதா?"

"போயிட்டுது சாமி."

"அடுத்தது?"

"வெள்ளிக்கிழமை." ஆவுடையப்பன் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் அங்கே தாலி ஏறிவிடும். அந்தப் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டே மணையில் உட்கார்ந்திருக்கும்.

நோட்டை மூடினார். "இத்தனை அர்த்தத்துல நீங்க சொன்னது எது சாமி?"

"செவ்வாய்க்கிழமை" என்றார் சாமி. "இந்த ஊர்ல நாளைக்கும் கல்தான், நேத்துக்கும் கல்தான். நீங்க கேட்டப்ப அது நாளைக்கு. இப்ப நேத்து."