தகைவிலானுக்கு விட்ட ஒரு முழம்

அந்தக் காலத்தில், பறவையும் மனிதரும் ஒரே மொழி பேசிவந்தபோது, லோமா ஊரில் அநியாயத்துக்கு ஆளானவள் ஒரு தகைவிலான் குருவி. தேவாலயம் கட்டக் கற்றுக்கொடுத்தவளின் கூட்டை, முட்டையோடு, அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே இடித்துத் தள்ளினார்கள். இடித்தவர் கொத்தனார் எலாடியோ. கோயிலைக் கட்டியவர் என்று ஊர் புகழ்வதும் அவரைத்தான்!

லோமா மேற்குத் திசையில், வறண்ட மேட்டில் இருக்கிறது. அங்கே மண்ணை மிதித்து, சுடாத செங்கல் அறுத்துத்தான் சுவர் எழுப்பினார்கள். எலாடியோ கொத்துக்கரண்டியால் வழவழவென்று மண் பூசுவார். காய்ந்ததும் அது அப்பளம்போல் உரிந்து விழும். மூன்று முறை விழுந்தது.

"கொத்தனாரே, சுவர் பூசுகிறீரா, கண்ணாடி செய்கிறீரா?" என்றாள் உத்தரத்தில் கூடு கட்டியிருந்த தகைவிலான்.

"பெரிய மேஸ்திரி! நீ பூசு, பார்க்கலாம்."

"பூசித்தானே குடியிருக்கிறேன்? வைக்கோலை நறுக்கிக் கலந்து, உருண்டை உருண்டையாக வைத்துக் கையால் அழுத்துங்கள்."

மண் மிதிக்கும் ஹசிந்தா அப்படியே செய்தாள். பூச்சு நின்றது.

கோயிலை அர்ச்சித்துத் திறந்துவைக்க ஆயர் வரும் நாள் நெருங்கியது. பீடத்து விரிப்பில் எச்சம் விழுந்திருப்பதைக் கண்ட எலாடியோ நீளக் கழியை எடுத்தார்.

"வேண்டாம் அண்ணே, முட்டை இருக்கிறது. பத்து நாள் பொறுங்கள்" என்றாள் ஹசிந்தா.

"ஆயர் பொறுப்பாரா?"

கழியை ஒரே முறைதான் வீசினார்.

தரையில் சிதறியதைப் பார்த்துவிட்டுத் தகைவிலான் கேட்டாள்: "இந்தச் சுவரில் என் இடம் எது?"

"ஒரு விரற்கடைகூடக் கிடையாது. இது கடவுளின் வீடு. பூசியாயிற்று, இனி என்றைக்கும் நிற்கும்."

கடவுளை யாராவது கேட்டார்களா? இல்லை. அவள் பறந்துபோனாள்.

மறு ஆண்டு மழையில் சுவர் கரைந்தது. மேற்கு மூலை சரிந்தது. ஹசிந்தா ஆற்றங்கரைக்குப் போய்த் தகைவிலானைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"உங்கள் கொத்தனார் வரவில்லையா?"

"வெட்கப்படுகிறார்."

"கழி எடுப்பதற்கு அது தேவலை. மண்வீட்டை ஒருமுறை பூசினால் போதாது, ஹசிந்தா. நாங்கள் ஆண்டுதோறும் பூசுகிறோம். குஞ்சு பொரித்ததும் சொல்லலாம் என்றிருந்தேன்."

"திரும்பி வருவாயா?"

"என் இடம் எது என்று அன்று கேட்டேனே, அதற்குப் பதில் வரட்டும்."

அந்தக் கோடையில் ஊரே கையால் மண் பூசியது. ஏணியில் ஏறிய எலாடியோ, கூரை இறவாரத்துக்கு ஒரு முழம் கீழேயே கையை நிறுத்திக்கொண்டார். அன்று முதல்தான் லோமாவில் கோடைதோறும் கரண்டி படாமல் தேவாலயத்தைப் பூசுகிறார்கள். தகைவிலான்களும் உள்ளே வருவதில்லை. வெளியே, பூசாமல் விட்ட அந்த ஒரு முழத்தில் கூடு கட்டுகின்றன. அன்று ஏணி உச்சியில் நின்று எலாடியோ தகைவிலானுக்குச் சொன்ன பதில் இவ்வளவுதான்:

"உன் இடம் போக மிச்சம்தான் கோயில்."