பேட்டரி விற்காத கடை

"அம்மிணி, இந்தப் பேட்டரியும் செத்துப் போச்சுங்க."

எட்டு மாதத்தில் இது மூன்றாவது.

சுகந்தி தலையை நிமிர்த்தவில்லை. "எப்பச் செத்துச்சுங்கண்ணா?"

"காத்தாலதான். சாவியைத் திருப்பினா டக்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான். மூணு பேரைக் கெஞ்சி, தள்ளவெச்சு வந்தேன்."

"லைட் எரியுதா?"

"எரியுது."

"ஹார்ன்?"

"ஊரே திரும்பிப் பாக்குது."

"செத்தவங்க அவ்வளவு சத்தமாவா கத்துவாங்க?"

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. உடுமலையில் கல்யாணக் கார் ஓட்டுகிறவர். முப்பது வருடத்தில் எத்தனையோ பொண்ணு மாப்பிள்ளையை அவருடைய வெள்ளைக் கார் வீடு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

போன முகூர்த்தத்தில்தான் மானம் போனது. பொன்னம்மாள் மண்டப வாசலில், மாலையும் கழுத்துமாக ஜோடி உள்ளே உட்கார்ந்திருக்க, வண்டி நகரவில்லை. மாப்பிள்ளையின் தோழர்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். வீடியோ பொள்ளாச்சி வரைக்கும் போனது.

மறுநாளிலிருந்து அவர் பெயர் தள்ளுவண்டி நாச்சிமுத்து.

மண்டப மேனேஜர் சென்னியப்பன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "வாசல் பலகையில உங்க பேரு இருபத்திரண்டு வருஷமா இருக்கு. நாளைக்கு முகூர்த்தத்துக்கும் தள்ள வெச்சீங்கன்னா, நானே அழிச்சுடுவேன்."

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் கல்யாண வீட்டார் வண்டி பேசுவார்கள். பலகையில் பெயர் போனால் வண்டி வீட்டில் கோழி அடைக்கத்தான் ஆகும்.

அதனால்தான் சுகந்தியிடம் வந்தார். அவருக்கு இருபது வயது இளையவள். அவள் கடையில் பேட்டரி வாங்குவது சர்க்கார் வேலை வாங்குவது போல என்று டிரைவர்கள் சொல்வார்கள். கேட்டவருக்கெல்லாம் கொடுக்கமாட்டாள்.

வண்டி வாசலில் ஓடிக்கொண்டே இருந்தது. அணைத்தால் மறுபடி தள்ள ஆள் தேட வேண்டும் என்று அப்படியே விட்டிருந்தார்.

சுகந்தி பானெட்டைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தாள். "டைனமோ நல்லா ஏத்துது" என்றாள்.

பிறகு ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.

"ஐயோ, அணைக்காதீங்க அம்மிணி!"

சாவியை உருவிக் கொண்டுபோய் மேஜை டிராயரில் போட்டு மூடினாள்.

மறுபடி மீட்டரை வைத்தாள். "பன்னெண்டு புள்ளி ஆறு வோல்ட். இது மூணு வருஷம் உழைக்கும்."

"எனக்கு வேணாங்க. புதுசு ஒண்ணு மாட்டிக் கொடுத்துடுங்க."

"மாட்டேன்."

"விக்கத்தானே கடை வெச்சிருக்கீங்க?"

"செத்ததுக்குப் பதிலா விக்க வெச்சிருக்கேன்."

நாச்சிமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்புறம் ஏன் வண்டி எடுக்கமாட்டேங்குது?"

"பேட்டரி குடுக்கத் தயாரா இருக்கு. வண்டி வாங்கிக்கத் தயாரா இருக்கு. நடுவுல யாரோ மறிச்சுக்கிட்டு நிக்கறாங்க. யாருன்னு நீங்க சொல்லுங்க."

அவர் யோசித்தார். யோசிக்கத் தேவையே இல்லை என்று தோன்றியது.

"கண்ணு. கண்ணு பட்டிருக்குதுங்க."

"முன்னால எலுமிச்சம்பழம் தொங்குது. பின்னால திருஷ்டி பொம்மை தொங்குது. ரெண்டையும் தாண்டி எப்படி உள்ள வரும்?"

அவர் எலுமிச்சம்பழத்தைத் திரும்பிப் பார்த்தார்.

சுகந்தி ஒரு ஸ்பானரையும் ரப்பர் கையுறையையும் நீட்டினாள். "கழட்டிப் பாருங்க."

"நானுங்களா? நான் டிரைவர் அம்மிணி. மெக்கானிக் இல்ல."

"இந்த வண்டிக்கு நீங்க யாரு?"

"சொந்தக்காரன்."

"சொந்தக்காரர் தொட்டா கோவிச்சுக்காது."

முப்பது வருடமாக அந்தக் காரை அவர் துடைத்திருக்கிறார், கும்பிட்டிருக்கிறார், அதற்கு மாலை போட்டிருக்கிறார். பானெட்டுக்குள் ஸ்பானரோடு கையை விட்டது மட்டும் கிடையாது.

சிவப்பு மூடியைத் தள்ளிவிட்டு ஸ்பானரை வைத்தார்.

சுகந்தி அவர் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினாள். "மைனஸ் முதல்ல."

"ஏனுங்க?"

"பிளஸ்ஸைத் திருப்பறப்ப கை தவறி ஸ்பானர் வண்டி பாடியில பட்டா பொறி பறக்கும். கழட்டறப்ப மைனஸ் முதல்ல. மாட்டறப்ப மைனஸ் கடைசியில."

நாச்சிமுத்து அதை வாய்ப்பாடு போல இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கறுப்பு வயர் எளிதாகவே வந்தது. சிவப்பு வரவில்லை. நட்டைத் தளர்த்திய பிறகும் வளையம் பேட்டரியின் தலையைக் கவ்விக்கொண்டு நின்றது. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது.

ஆப்ப சோடா கலந்த வெந்நீரை ஒரு தம்ளரில் கொடுத்தாள். ஊற்றினார். நுரைத்துப் பொங்கியது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். முறுக்கினார். வளையம் பெயர்ந்து கையோடு வந்தது.

உள்வட்டத்தில் மஞ்சளாக ஒரு பொருக்கு. நகத்தின் தடிமன் இருக்கும். நடுவில் சிவப்பு.

அதன்மேலும் வெந்நீரை ஊற்றினார்.

வாசனை கிளம்பியது.

நாச்சிமுத்து தேய்ப்பதை நிறுத்தினார். பேட்டரிக் கடை முழுக்கக் கோயில் கருவறை மாதிரி மணத்தது.

புது பேட்டரி மாட்டும்போதெல்லாம் கடைக்காரனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்வார். இரண்டு தலைக்கும் சந்தனத்தைக் குழைத்து வைத்து, குங்குமம் இட்டு, அதற்கு மேல்தான் வளையத்தை மாட்டவிடுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் அதன்மேலும் ஒரு பொட்டு. சோறு போடுகிற பேட்டரி அல்லவா.

மூன்று பேட்டரிக்கும் அப்படித்தான் வைத்தார். முன்பெல்லாம் தொட்டு வைப்பதோடு சரி; இந்த மூன்றுக்கும் கை நிறைய வைத்தார்.

"நடுவுல நிக்கறது யாருன்னு தெரிஞ்சுதுங்களா?" என்றாள் சுகந்தி.

"நான்தானுங்க."

அவள் உப்புத்தாளைக் கொடுத்தாள்.

இரண்டு தலையிலும் ஈயம் பளபளக்கும்வரை தேய்த்தார். இரண்டு வளையங்களின் உள்வட்டத்தையும் தேய்த்தார். சிவப்பை மாட்டி இறுக்கினார். கறுப்பைக் கடைசியில் மாட்டினார். மேலே வாஸ்லின் களிம்பைத் தடவச் சொன்னாள். தடவினார்.

முடிந்தது என்று டிராயரைப் பார்த்தார்.

"ஆயில் பாத்தீங்களா?"

குச்சியை உருவித் துடைத்து, விட்டு எடுத்துப் பார்த்தார். கால் லிட்டர் குறைந்தது. ஊற்றினார்.

"ரேடியேட்டர் தண்ணி? டயர் காத்து?"

இரண்டையும் பார்த்து முடிக்கும்போது மணி ஐந்தரை. அப்போதுதான் டிராயர் திறந்தது.

சாவியைத் திருப்பி முடிப்பதற்குள் வண்டி பிடித்துக்கொண்டது.

"அம்மிணி, நாளைக்கும் இதே மாதிரி எடுக்குங்களா?"

"கிளம்பறதுக்கு முன்னால என்ன செய்வீங்க?"

"வழக்கம்போலப் பொட்டு..." என்றவர் பாதியில் நிறுத்தினார். "அப்ப பொட்டை எங்கதானுங்க வெக்கறது? வெக்காம எனக்கு வண்டி எடுக்க வராது."

"யோசிச்சுட்டு வந்து சொல்லுங்க" என்று சுகந்தி அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை எட்டரை மணி. பொன்னம்மாள் மண்டபம்.

பொண்ணு மாப்பிள்ளை காரில் ஏறிவிட்டார்கள். நாச்சிமுத்து கண்ணாடியில் பார்த்தார். தோழர்கள் ஐந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டி, டிக்கியில் கை ஊன்றித் தயாராக நின்றார்கள். ஆறாவது ஆள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"தள்ளுவண்டி அண்ணே, ரெடியா?"

"ஒன், டூ சொல்லட்டுங்களா?"

மண்டபமே வாசலுக்கு வந்துவிட்டது. பலகைக்குப் பக்கத்தில் சென்னியப்பன். கையில் ஈரத்துணி.

நாயனக்காரர் கூட வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

நாச்சிமுத்து சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் ஒரே பிடியில் முழங்கியது. ஹார்னை நீளமாக ஒரு தரம் அடித்தார். கியரைப் போட்டார். வண்டி பறந்தது.

டிக்கியில் சாய்ந்திருந்த ஐந்து பேரும் ஒருவர் மேல் ஒருவராக மண்ணில் விழுந்தார்கள். செல்போன்காரன் அதை முழுசாகப் படம் பிடித்தான். தலை குனிந்து உட்கார்ந்திருந்த பொண்ணு மாலைக்குள்ளிருந்து வாய்விட்டுச் சிரித்தாள். மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தான். நாயனம் மறுபடி கிளம்பி, தவில் அதைத் துரத்தியது.

சென்னியப்பன் ஈரத்துணியால் தன் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

பத்து மணிக்கு வெள்ளைக் கார் சுகந்தி கடை வாசலில் வந்து நின்றது. நாச்சிமுத்து எஞ்சினை அணைத்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிதானமாக இறங்கினார்.

ஒரு புது ஸ்பானரை மேஜைமேல் வைத்தார். வரும் வழியில் வாங்கியது.

சுகந்தி எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கை பிடிக்கிற இடம் சுத்தம். நட்டைக் கவ்வுகிற வாய் சுத்தம். நடுத்தண்டில், கடுகளவு சந்தனமும் குங்குமமும்.

அதைக் கண்ணில் ஒற்றி அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"போயிட்டு வாங்கண்ணா. மூணு வருஷத்துக்கு இந்தப் பக்கமே வராதீங்க."