ஏழாம் பாத்தி வழக்கு

முன்னொரு காலத்தில் ஒரு கத்தரித் தோட்டத்துக்கு, பெய்யும் மழையை அளக்கும் மழைமானியார் நீதிபதியாக இருந்தார்.

தோட்டம் ஒன்றும் பெரியதல்ல. முன்வரிசையில் ஆறு பாத்தி, பின்வரிசையில் ஆறு பாத்தி. பாத்திக்கு ஒரு வகைக் கத்தரி. எது எப்படிக் காய்க்கிறது என்று பார்ப்பதற்காகப் போட்ட சோதனைத் தோட்டம் அது. மூன்று பக்கம் முள்கம்பி வேலி. நான்காவது பக்கம் மதில். மதிலின் உச்சியில் சிமென்ட்டில் பதித்த கண்ணாடிச் சில்லுகள்.

அந்தச் சில்லுகளின் வம்சத்தில் பிறந்ததுதான் பூதக்கண்ணாடி.

சோடா பாட்டில், மருந்து பாட்டில், ஊறுகாய் பாட்டில் என்று எங்கெங்கோ உடைந்து வந்து மதிலேறியவர்கள் அவர்கள். வெயிலோ மழையோ, காவல் நிற்பது ஒன்றுதான் அவர்கள் கண்ட பிழைப்பு. அவர்களில் ஒரே ஒரு சில்லு உலைக்குப் போயிற்று. உருகியது, வார்க்கப்பட்டது, மாதக்கணக்கில் அரைபட்டது. பித்தளை வளையமும் கைப்பிடியுமாக அது திரும்பி வந்த அன்றைக்கு மதிலில் ஒரே ஆரவாரம்.

"நாமெல்லாம் வந்தவன் கையைக் கிழிச்சோம். நம்ம புள்ள பார்த்துச் சொல்லப் போகுது!" என்றார் பச்சை நிறச் சித்தப்பா.

"எறும்புக் கால்ல எத்தனை முடின்னு கேளுங்க, சொல்லும்," என்றாள் பழுப்பு நிற அத்தை. யாரும் கேட்கவில்லை. ஆனாலும் நாலு நாளைக்கு அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூதக்கண்ணாடிக்கும் பெருமைதான். பெருமைக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. வேலி தவறு செய்தால் அது வேலியின் தவறு. தான் தவறு செய்தால் அது முழு மதிலின் தவறாகப் பேசப்படும். மேலும் இரண்டு சில்லுகளை உலைக்கு அனுப்பலாமா என்று அப்போதுதான் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆகவே எதையும் மூன்று முறை பார்த்த பிறகே அது வாய் திறக்கும்.

ஒரு நாள் காலை மண்புழு ஒன்று மழைமானியாரின் காலடியில் வந்து புரண்டு அழுதது.

"எங்க ஆளுங்க அஞ்சு பேரு ஒரே பாத்தியில செத்துக் கெடக்குறாங்க, சாமி!"

"எந்தப் பாத்தி?"

"எங்களுக்குக் கண்ணு ஏது? பின்வரிசை. அதுக்கு மேல தெரியாது."

மழைமானியார் வானத்தையே அளந்தவர். ஆனால் நட்ட இடத்தை விட்டு நகர முடியாதவர். பூதக்கண்ணாடியைக் கூப்பிட்டுப் பார்த்துவரச் சொன்னார்.

அது கைப்பிடியை ஊன்றி ஊன்றிப் போயிற்று. கிட்ட இருப்பதைப் பெரிதாகக் காணும் கண் அதற்கு. எட்ட இருப்பதெல்லாம் வெறும் கலங்கல். ஐந்து உடல்களையும் ஒவ்வொன்றாக, மும்மூன்று முறை பார்த்தது. தோல் சுருங்கி வெந்தது போல இருந்தது. பக்கத்து மண்ணில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. எல்லாவற்றையும் மனத்தில் குறித்துக்கொண்டு, கடைசியாகப் பாத்திகளை எண்ணியது. முன்வரிசையில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறு. ஏட்டில் ஒரு வரி முடிந்தால் அடுத்த வரியை மறுபடி இடப்பக்கத்திலிருந்து தொடங்குவதில்லையா? அதேபோல் மேற்குக் கோடிக்கே திரும்பி வந்து பின்வரிசையைத் தொடங்கியது. முதல் பாத்தியிலேயே புழுக்கள் கிடந்தன.

பாத்திகளை மட்டும் அது ஒரே ஒரு முறைதான் எண்ணியது.

"ஏழாம் பாத்தி, ஐயா," என்றது.

வேலிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

ஏழாம் பாத்தியில் இருந்தது புதுக் கத்தரி. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் குணத்தை எடுத்து அதன் விதைக்குள் வைத்திருந்தார்கள். காய்க்குள் புகுந்து குடையும் காய்ப்புழு அதைத் தின்றால் பிழைக்காது. அது நட்ட நாளிலிருந்து யாரும் அதனோடு பேசியதில்லை. தட்டான் கூட இரண்டு பாத்தி தள்ளித்தான் உட்காரும்.

மத்தியானம் வழக்குக் கூடியது.

"புழுவைக் கொல்லத்தானே அதைப் பண்ணிக் கொண்டுவந்தாங்க?" என்றது வேலி. "காய்ப்புழுவைக் கொன்னது மண்புழுவைக் கொல்லாதா? புழுன்னா புழுதானே!"

"நீ என்ன சொல்கிறாய்?" என்று மழைமானியார் புதுக் கத்தரியைக் கேட்டார்.

"நான் நல்லவள்னு சொல்ல வரலீங்க. என்னை எனக்கே முழுசாத் தெரியாது. ஆனா என் காலடியில யாரும் சாகல. யாராவது வந்து பாருங்க."

"வந்து பார்த்தாச்சு!" என்றது வேலி. "சாட்சி பார்த்தாச்சு. மூணு மூணு தடவை."

எல்லோரும் பூதக்கண்ணாடியைப் பார்த்தார்கள். அந்தக் கணம் அதற்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் மதிலிலிருந்து அத்தை, "பாருங்க, வேலியே நம்ம புள்ளையை நம்புது!" என்று பக்கத்துச் சில்லை இடித்தாள். உறுத்தல் அமுங்கிப் போயிற்று.

தீர்ப்பு எழுதப்பட்டது. மறுநாள் காலை ஏழாம் பாத்தியை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். வெட்டுவது மண்வெட்டி. அடையாளம் காட்டுவது பூதக்கண்ணாடி.

மறுநாள் மண்வெட்டி கைப்பிடியில் பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பியது. முன்வரிசை வழியாகக் கிழக்குக் கோடிக்குப் போய், திரும்பி, எதிரே இருந்த பாத்தியில் நின்றது.

"ஏன் இங்கே நிற்கிறாய்?" என்றது பூதக்கண்ணாடி.

"ஏழாம் பாத்தின்னா இங்கதானே?"

"இல்லை. அது அந்தக் கோடியில். நான் எண்ணினேனே. ஆறு முடிந்ததும் மேற்கே போய்..."

மண்வெட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏ படிச்ச புள்ள! ஏர் பூட்டின மாடு இந்தக் கோடிக்கு வந்தா, அப்புறம் ஆகாயத்துல பறந்து போய் அந்தக் கோடியிலயா எறங்கும்? திரும்பி இங்கருந்தே உழுதுகிட்டுப் போகும். பாத்தியும் அப்படித்தான். ஆறுக்கு எதுத்தாப்புல ஏழு. அந்தக் கோடி பன்னெண்டு. இந்தத் தோட்டத்துல ஆதியிலருந்து அதுதான் கணக்கு."

பூதக்கண்ணாடி சட்டென்று குனிந்தது. புதுக் கத்தரியின் அடிமண்ணில் கண்ணை வைத்தது. மண் பொலபொலவென்று இருந்தது. எங்கு பார்த்தாலும் புழுக்கள் அன்று காலை தள்ளிவிட்டுப் போன ஈர மண்குருணைகள். ஒரு வேர் ஓரமாகக் குட்டிப் புழு ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. வெள்ளைப் படிவு இல்லை. சாவு இல்லை.

"நான் பார்த்தது இந்த மண் இல்லை," என்றது மெல்ல.

"அப்ப?"

"வெட்டாதே."

மண்வெட்டி தோளை மாற்றிக்கொண்டது. "இங்க பாரு. எனக்கு வெட்டுன்னா வெட்டு, விடுன்னா விடு. ஆனா நீ போய் 'நான் தப்பாச் சொல்லிட்டேன்'னு நின்னா வேலி என்ன சொல்லும் தெரியுமில்ல? இது உனக்கும் எனக்கும்தான் தெரியும். இந்தப் புதுசுக்காக அழ ஒரு நாதி கிடையாது. யோசிச்சுச் சொல்லு. நான் நிக்கிறேன்."

புதுக் கத்தரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. கெஞ்சவில்லை. இலை மட்டும் காற்றில்லாமலே ஆடியது.

பூதக்கண்ணாடி மதில் பக்கம் பார்த்தது. அங்கே வெறும் பச்சைக் கலங்கலும் பழுப்புக் கலங்கலும்தான் தெரிந்தன. 'ஒரு வார்த்தையில் இத்தனை பேரின் தலையும் குனியும்' என்று நினைத்தது. பிறகு, குனிந்தால்தான் என்ன, ஒரு செடி நிமிர்ந்து நிற்குமே என்றும் நினைத்தது. அப்படி நினைத்ததால் பயம் ஒன்றும் போய்விடவில்லை.

"என்னை அந்தக் கோடிக்குக் கொண்டு போ," என்றது.

பன்னிரண்டாம் பாத்தியில் அன்று புதிதாக இரண்டு புழுக்கள் செத்துக் கிடந்தன. வெள்ளைப் படிவு ஈரமாக இருந்தது. பூதக்கண்ணாடி அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு போயிற்று. தடம் வாய்க்காலோரக் குழாயடியில் போய் முடிந்தது. அங்கே மருந்து அடிக்கும் டேங்க் வெயிலில் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது.

"உன்னை எங்கே கழுவுகிறார்கள்?"

"இங்கதான்," என்றது டேங்க் அப்பாவியாக. "கழுவின தண்ணி அந்தப் பக்கமா ஓடிரும். ஏன்?"

இந்த முறை பூதக்கண்ணாடி தடத்தை மூன்று முறை பார்த்தது. பாத்திகளையும் மூன்று முறை, மாடு போகிற போக்கில், எண்ணியது.

நீதிபதியின் முன் அது வந்து நின்றபோது தோட்டம் முழுவதும் கூடிவிட்டது. புகை ஏன் இன்னும் எழவில்லை என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, நான் நேற்றுச் சொன்ன சாட்சி தவறு. பார்த்ததில் பிழையில்லை, எண்ணியதில் பிழை. புழுக்கள் செத்தது ஏழில் அல்ல, பன்னிரண்டில். இந்தத் தோட்டத்தில் எப்படி எண்ணுவார்கள் என்று யாரையாவது நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தெரியும் என்று நினைத்துவிட்டேன்."

பன்னிரண்டில் இருந்தது ஊர்க் கத்தரி. வேலி பதறிப் போயிற்று. "என்ன பேச்சு இது? அது நம்ம கத்தரி! தலைமுறை தலைமுறையா இருக்குறது! அது செய்யாது. வேற ஏதாவது காரணம் இருக்கும், நல்லாத் தேடிப் பாரு!"

"இந்த வார்த்தையை நேற்று ஏழாம் பாத்திக்கும் சொல்லியிருக்கலாமே, அண்ணா," என்றது பூதக்கண்ணாடி. "தேடிப் பார்த்தேன். ஊர்க் கத்தரியும் கொல்லவில்லை. குழாயடியில் டேங்க் கழுவிய தண்ணீர் கொன்றது. நேற்று ஐந்து, இன்று இரண்டு. ஏழாம் பாத்தியை எரித்திருந்தால் நாளைக்கும் செத்திருப்பார்கள்."

மண்புழுக் கூட்டம் ஓவென்று அழுதது. டேங்கைக் களத்து மேட்டுக்குக் கொண்டுபோய், அதற்கென்று வெட்டிய குழியில்தான் கழுவ வேண்டும் என்று மழைமானியார் உத்தரவு போட்டார். தீர்ப்பு ரத்தாயிற்று.

வேலி விடவில்லை. "அப்ப இந்தப் புதுசு உத்தமின்னு சொல்றியா?"

"சொல்லவில்லை. இந்த ஏழு சாவும் அதனுடையதல்ல என்றுதான் சொன்னேன். அதன் பூவுக்கு வரும் வண்டுக்கு என்ன ஆகிறது, அதன் மகரந்தம் எந்தப் பாத்தி வரை போகிறது, பத்து வருஷம் கழித்து மண் எப்படி இருக்கும், எதையும் நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்லமாட்டேன், நல்லதென்றும் சரி, கெட்டதென்றும் சரி."

"அதையெல்லாம் யாராவது கிட்ட இருந்து பார்க்கத்தான் வேண்டும்," என்றார் மழைமானியார். "யாரைப் போடலாம்?"

"இதைத் தவிர யாரை வேணும்னாலும் போடுங்க," என்றது வேலி. "ஒரு பாத்தி எண்ணத் தெரியல. உடைஞ்ச பாட்டில் கூட்டத்துலருந்து ஒண்ணைக் கொண்டுவந்து சாட்சிக் கூண்டுல ஏத்தினா வேற என்ன ஆகும்?"



அப்போது புதுக் கத்தரி பேசியது. "ஐயா, என்னைப் பார்க்க எனக்கு இதுதான் வேணும். என் மேல குத்தம் இருந்தா அதையும் இதுவே சொல்லட்டும். நேத்து இங்க எல்லாரும் என்னைச் சந்தேகப்பட்டாங்க. தன்னைச் சந்தேகப்பட்டது இது ஒண்ணுதான்."

மழைமானியார், "அப்படியே ஆகட்டும்," என்றார்.

ஏடு எழுதும் பென்சில் தலைகீழாகத் திரும்பி, வாலில் இருந்த ரப்பரால் நேற்றைய சாட்சியத்தை அழிக்கப் போயிற்று. போனால் போகிறது, சின்னது, பெயர் கெட வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான் அதற்கு.

"அழிக்காதீர்கள்," என்றது பூதக்கண்ணாடி. "மேலே ஒரே ஒரு கோடு போடுங்கள். அடியில் எழுத்துத் தெரியட்டும். பக்கத்தில், தவறு, திருத்தியது இன்னார் என்று என் பெயரை எழுதுங்கள்."

பென்சில் அப்படியே எழுதியது.

அன்று சாயங்காலம் வெயில் சாய்ந்தபோது வேலி மதிலைப் பார்த்துக் குரல் கொடுத்தது. "என்ன சித்தப்பா, பேச்சையே காணோம்? உங்க புள்ள பேரு ஏட்டுல ரெண்டு தடவை ஏறியிருக்காம். முதல் தடவை எதுக்குத் தெரியுமா? பொய்ச் சாட்சி சொன்னதுக்கு!"

சித்தப்பா பச்சையாகவே வெளுத்துப் போனார். அத்தைதான் நிமிர்ந்தாள். மேற்கு வெயில் அவள் முனையில் பட்டுச் சுடர்விட்டது.

"சரிப்பா," என்றாள். "ரெண்டாந் தடவை எதுக்குன்னும் உன் வாயாலயே சொல்லிடு. மதிலு பூராவும் கேக்கணும், கொஞ்சம் சத்தமாச் சொல்லு."