தலை நிமிர்ந்த மான்

சுங்கச்சாவடியில் ஊரார் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தே தலை நரைத்தவர் மருதவாணர். ஒருநாள் மழைக்கு ஓர் ஆசிரமத்தில் ஒதுங்கினார். சுவரில் ஒரு பலகைச் சித்திரம் மாட்டியிருந்தது. மரத்தடியில் ஒரு முனிவர். அவர் காலடியில் ஒரு மான், தலையை நிமிர்த்தி மருதவாணரையே பார்த்தது.

அவர் கண்ணில் நீர் துளிர்த்தது. மழை விட்டது. அவர் போகவில்லை. தம்மைவிட வயதில் சிறியவரான ஆசிரமத்துக் குரு குயிலாயி அம்மைக்குச் சீடராகிவிட்டார். விடிந்ததும் அந்த மானின் முன்னால்தான் உட்காருவார்.

அரண்மனை ஓவியர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். சித்திரத்தை முகர்ந்தார், நகத்தால் சுரண்டினார்.

"பழசாகத் தெரியட்டும் என்று புகை காட்டியிருக்கிறான். அசல் அரண்மனையில் இருக்கிறது. எவனோ போலியை உங்கள் தலையில் கட்டிவிட்டான். மானைக்கூடத் தப்பாகப் போட்டிருக்கிறான், பாருங்கள்."

சீடன் சடையன் கைகொட்டிச் சிரித்தான். "சுங்கக்காரரே, எத்தனை மூட்டை பிரித்தீர்! கடைசியில் ஒரு மான் உம்மை ஏய்த்துவிட்டதே!"

மருதவாணர் குருவிடம் போனார். "அம்மா, ஒரு பொய்யைப் பார்த்தா வீடு வாசலை விட்டேன்?"

குயிலாயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். "அசலைப் பார்த்துவிட்டு வாருங்கள். வந்து இதை உங்கள் கையாலேயே அடுப்பில் வையுங்கள்."

வழியெல்லாம் மருதவாணர் தம்மையே கேட்டுக்கொண்டு நடந்தார். மான் பொய் என்றால், அன்று என் கண்ணில் வந்த நீர்?

அவர் திரும்பி வந்தபோது பலகை அடுப்படியில் விறகோடு சாத்தியிருந்தது. எல்லாம் சடையன் வேலை. மருதவாணர் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எரிக்க மாட்டேன்."

"குரு சொல்லையே தட்டுகிறீரா?" என்றான் சடையன்.

"தட்டுகிறேன். இது வெளியே போனால் நானும் போகிறேன்."

குயிலாயி ஊதுகுழலைக் கீழே வைத்தார். "அசல் எப்படி இருந்தது?"

"குறை சொல்ல வாயில்லை. முனிவர் மூச்சு விடுகிறார், அம்மா. ஆனால் மான் குனிந்து புல் மேய்கிறது. நெடுநேரம் நின்றேன். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை."

சடையன் எட்டிப் பலகையைப் பார்த்தான்.

"இது போலிதான். இல்லையென்று சாதிக்க மாட்டேன்" என்றார் மருதவாணர். பிறகு குரல் தணிந்தது. "ஒன்றுதான் விளங்கவில்லை. ஏமாற்ற உட்கார்ந்தவன், இருந்ததை இருந்தபடி எழுதிவிட்டுப் போகவேண்டியதுதானே? மானை ஏன் நிமிர்த்தினான்?"

குயிலாயி முந்தானையால் பலகையில் படிந்திருந்த சாம்பலைத் துடைத்தார்.

"அவன் ஏமாற்றத்தான் உட்கார்ந்தான். மான் அவனைக் கேட்டுக்கொண்டா நிமிர்ந்தது?"